பன்னிரண்டாவது வீடு – அத்தியாயம் 14

டங்... டங்... பொத்!

மூன்றாவது தட்டில் சத்தம் மாறியது. அடுத்த நொடி, சமையலறை பீமின் அடியிலிருந்து சப்பாத்தி அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து, ஏணிக் காலில் மோதித் தரையில் விழுந்து உடைந்தது.

"யாத்தீ!" என்று இரண்டடி பின்னால் துள்ளினாள் மாரிசெல்வி.

சில்லு விழுந்த இடத்தில், பன்னிரண்டு நாளைக்கு முன்பு பால் காய்ச்சிய அன்று அவள் போட்ட மாக்கோலம் பாதி அழிந்தும் அழியாமலும் கிடந்தது.

மடக்கு ஏணியின் மேல்படியில் நின்ற பரீஹா சுத்தியலைத் தாழ்த்தினாள். "யாரும் பீமுக்கு நேர் கீழ நிக்காதீங்க. அக்கா, அந்த டார்ச்சைக் குடுங்க."

மாரிசெல்வி டார்ச்சை நீட்டினாள். நாளைக் காலை பதினோரு மணிக்குப் பத்திரப் பதிவு. முழுசாக ஒரு நாள்தான் பாக்கி.

பதினேழு வருடமாக அவர்களுக்குத் தாராவியில், பேக் தைக்கிற ஒரு பட்டறைக்கு மேலே, பத்துக்குப் பன்னிரண்டில் ஒரே அறை. புருஷன் இசக்கிப்பாண்டி கீழே அதே பட்டறையில் கட்டிங் மாஸ்டர். மாரிசெல்விக்கு ஒரு துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கர் வேலை. தைத்து வந்த சட்டையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பிரித்துத் தைத்தால் சரியாகுமா, அல்லது ரிஜெக்டா என்று அவள் சொல்வதுதான் அங்கே தீர்ப்பு.

வீடு பார்க்கப் போன இடத்திலும் அந்தக் கண்ணை அவளால் கழற்றி வைக்க முடியவில்லை. பாண்டுப்பில் ஓதம் என்றாள். சுனாபட்டியில் லிஃப்ட் சரியில்லை என்றாள். இப்படிப் பதினோரு வீடு போயிற்று. "என் பொண்டாட்டி வீடு பாக்கப் போகலவே, செக்கிங் போறா" என்று இசக்கிப்பாண்டி பட்டறையில் சொல்லிச் சிரிப்பான்.

பன்னிரண்டாவது, செம்பூரில் இந்த மூன்றாம் மாடி வீடு. மாட்டுங்காவில் மகனோடு தங்கப் போய்விட்ட ஷ்யாமளா மாமிக்குச் சொந்தம். கிழக்கு ஜன்னலைத் திறந்ததும் வந்த காற்றில் நின்றுகொண்டு, "இது போதும்ங்க" என்று மாரிசெல்வி சொன்ன முதல் வீடு. கடன் தருவதாக வங்கிக் கடிதம் வரத் தாமதமாயிற்று. அதற்குள் புரட்டாசி பிறந்துவிட்டால் எப்படிப் பால் காய்ச்சுவது? மாமியிடம் சாவியைக் கேட்டு வாங்கி, ஆவணியின் கடைசி முகூர்த்தத்திலேயே காய்ச்சிவிட்டார்கள். இன்னும் தங்களுக்குச் சொந்தமாகாத வீட்டில், தாராவிச் சந்தில் பாதிப் பேர் வந்து கேசரி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை, மாமியிடம் மறுபடி சாவி வாங்கி, திரைச்சீலைக்கு அளவெடுக்க வந்தபோதுதான் மாரிசெல்வி அந்த ஈரத்தைப் பார்த்தாள். பீமும் சுவரும் சேருகிற மூலையில், உள்ளங்கை அளவு. புருஷனிடம் சொன்னதற்கு, "மழைக்காலம்லா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் பரீஹாவுக்கு போன் போட்டாள். மேலப்பாளையத்திலிருந்து வந்து தாராவியில் தோல் கடை வைத்தவரின் மகள் பரீஹா. பழைய கட்டடங்களைச் சோதித்துச் சொல்லும் எஞ்சினீயர்.

"இதுக்காளா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?" சமையல் மேடையில் சாய்ந்து, கட்டிங் சாய் என்கிற அரைக் கிளாஸ் டீயைக் குடித்துக்கொண்டிருந்த பூலோகம் கிளாஸைக் கீழே வைத்தார். இசக்கிப்பாண்டியின் சித்தப்பா. முப்பது வருடமாகக் கொத்து வேலை மேஸ்திரி. பால் காய்ச்சிய அன்று இதே பீமை அண்ணாந்து பார்த்து, "கல்லு மாதிரி வீடுவே" என்று நாற்பது பேர் நடுவில் சொன்னவர்.

"பூச்சுதான் உப்பியிருக்கு" என்றார் இப்போது. "மேல் வீட்டு பாத்ரூம் லீக்கேஜ். ரெண்டு நாள் காம், அவ்வளவுதான் வேலை. கொத்தி, கெமிக்கல் அடிச்சுப் பூசிட்டா பக்கா."

"லீக்கேஜ் இருக்கு சாச்சா, அதுல சந்தேகமே இல்ல" என்றாள் பரீஹா ஏணியிலிருந்து. "ஆனா வெறும் பூச்சு பெயர்ந்தா இந்தச் சத்தம் வராது. உள்ள கம்பி துருப்பிடிச்சு ஊதி, கான்கிரீட்டைப் பிளக்குதுன்னு நினைக்கேன்."

"நினைக்கியா, தெரியுமா?"

"நினைக்கேன். தெரியணும்னா ஒரு அடி நீளத்துக்குக் கொத்திப் பாக்கணும். வீடு இன்னும் மாமி பேர்லதானே இருக்கு, அவங்க சம்மதம் வேணும்."

"நான் கரண்டி புடிக்கையில உங்க வாப்பாவுக்கே கல்யாணம் ஆகல, தெரிஞ்சுக்க."

"அதான் சாச்சா சொல்லுதேன்" என்று சிரித்தபடி இறங்கினாள் பரீஹா. "நீங்களே ஏறித் தட்டிப் பாருங்க. நான் சொன்னது தப்புன்னா, தப்புன்னே ரிப்போர்ட்ல எழுதுதேன்."

பூலோகம் ஏணியைப் பார்த்தார். தன் முழங்காலைப் பார்த்தார். "இதையெல்லாம் தட்டித்தான் பாக்கணுமா? கண்ணு எதுக்கு இருக்கு?" என்று மறுபடி சாய் கிளாஸை எடுத்துக்கொண்டார்.

மாரிசெல்வி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்த பீம் சமையலறையைத் தாண்டி உள் அறைக்கும் போகிறது. அதற்குக் கீழேதான் மகள் சாதனாவுக்குக் கட்டில் போட அளவெடுத்து வைத்திருந்தாள். ஒருவர் இரண்டு நாள் வேலை என்கிறார். இன்னொருத்தி நேர் கீழே நிற்காதே என்கிறாள். இரண்டு பேருமே பொய் சொல்கிறவர்கள் இல்லை.

பரீஹா குனிந்து, உடைந்த சில்லில் பெரிய துண்டை எடுத்தாள். ஜன்னல் பக்கம் கொண்டு போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகத்தால் சுரண்டினாள். வெள்ளை மாவு உதிர்ந்தது.

"அக்கா, இதைப் பாருங்க. உள்பக்கம் பழைய பூச்சு. இந்த மேல் வெள்ளை வால் பட்டி, பெயின்ட் அடிக்கும் முன்னால சுவர்ல பூசுற மாவு. பூசி ஒரு மாசம்கூட இருக்காது."

"பட்டியா?"

"ஆமா. சுத்திச் சுவரெல்லாம் பழைய மஞ்சளா இருக்கு. இங்க மட்டும் திட்டா வெள்ளை. வெடிப்பு மேல பட்டியைத் திணிச்சு யாரோ மூடியிருக்காங்க."

 வெளியே மழை வலுத்தது. அதற்கு மேல் பூலோகத்தின் குரல் ஓங்கியது.

"பாத்தியாளா! மாமின்னு மாமின்னு தலையில வச்சு ஆடுனியே! மூடி வச்சு நம்ம தலையில கட்டப் பாக்குதா! படிச்ச திருடி!"

"அப்ப பீம்ல கோளாறு இருக்குன்னு ஒத்துக்கிடுதீங்களா சாச்சா?"

"பீம் நல்லாத்தான் இருக்கு! அவதான் ஏமாத்துதா!"

சிரிக்க வேண்டிய பதில்தான். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. வாசல் நிலையில் சாய்ந்து நின்ற இசக்கிப்பாண்டி, "விடுங்க சித்தப்பா, எதுக்கு சண்டை" என்றான். காலையிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை அது. சொல்லும்போதும் பீமைப் பார்க்கவில்லை. கட்டைவிரலால் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"ஏழு மணிக்கு ரிப்போர்ட் அனுப்புதேன்" என்று பையை மூடினாள் பரீஹா. "குறையை மறைச்சிருக்காங்கன்னு எழுதத்தான் வேணும் அக்கா. பில்டிங் சொஸைட்டிக்கும் ஒரு காப்பி போகணும். இது உங்க வீட்டு பீம் மட்டும் இல்ல. மேல ரெண்டு மாடி இதுமேலதான் நிக்குது."

மாரிசெல்வி பையிலிருந்து ஸ்டிக்கர் தாளை எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு சிவப்பு அம்பைப் பிய்த்து, சில்லின் வெள்ளைப் பக்கத்தில் ஒட்டி, டிபன் கவரில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

"நான் மாட்டுங்கா போறேன்."

"வேண்டாம் செல்வி." இசக்கிப்பாண்டி சட்டென்று நிமிர்ந்தான். "வயசானவங்களைப் போயி..."

"கேக்கத்தானே போறேன். கடிக்கவா போறேன்?"

*

அவள் போய்ச் சேருவதற்குள் பூலோகத்தின் போன் முந்திக்கொண்டு போயிருந்தது. கதவைத் திறந்த ஷ்யாமளா மாமியின் கண்கள் சிவந்திருந்தன.

"உள்ளே வா. செருப்பை இப்படி உள்ளேயே விட்டுடு, சாரல்ல நனைஞ்சுடும்." நாற்காலியைக் காட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "உங்க மாமனார் போன் பண்ணினார். என்ன சொன்னார் தெரியுமோ? திருடின்னார். அறுபத்தெட்டு வயசுல அந்தப் பேரும் வாங்கியாச்சு."

"அவ்வோ சின்ன மாமனார், மாமி. கோபத்துல வாயி விட்டுருவாங்க. நான் மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன். ஆனா எனக்கு ஒண்ணு தெரியணும்." மாரிசெல்வி கவரைப் பிரித்துச் சில்லை டீப்பாயில் வைத்தாள். "இந்தப் பட்டி யாரு பூசினது?"

மாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். சிவப்பு அம்பைத் தொட்டாள்.

"இது எங்காத்துப் பூச்சு இல்லை. அவர் போனப்பறம் மூணு வருஷமா நான் அங்கே ஒரு ஆணி அடிக்கலை, கேட்டேளா. அந்த உத்தரத்துல கீறல் இருந்தது வாஸ்தவம். நான் எங்கே மறைச்சேன்? புரோக்கருக்கு என் பிள்ளை நகுல் அனுப்பிச்ச போட்டோவுலயே இருக்கே."

மகனின் பழைய படங்களைப் போனில் தேடி எடுத்துக் காட்டினாள். சமையலறை. மேடை. மேலே பீம். மாரிசெல்வி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். பீமின் அடிவயிற்றில், நூல் இழை போல ஒரு கோடு.

"இது எப்ப எடுத்தது மாமி?"

"போன வருஷம் தீபாவளி சமயத்துல. முதல்ல விக்கலாம்னு நினைச்சப்போ."

"எங்களுக்கு புரோக்கர் இந்தப் படத்தைக் காட்டவே இல்ல."

"அவன் காட்டலைன்னா அது என் குத்தமா?" மாமியின் குரல் தழுதழுத்தது. "அதோட விட்டேனா? பால் காய்ச்சச் சாவி கேட்டு உங்க ஆத்துக்காரர் வந்தாரோல்லியோ, அப்பவும் சொன்னேனாக்கும். சமையல் ரூம்ல ஒரு கீறல் இருக்கு, என்னன்னு பாத்துக்கோங்கோன்னு. சரி மாமின்னார்."

மாரிசெல்வி போனை மாமியிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"என்னைக்கு மாமி சாவி குடுத்திய?"

"வியாழக்கிழமை மத்தியானம். வெள்ளிக்கிழமை காலம்பற நீங்க பால் காய்ச்சினேள். சனிக்கிழமை அவரே கொண்டுவந்து தந்துட்டார். நடுவுல அந்தாத்துக்குள்ள யார் போறா?"

மாரிசெல்வி சில்லை எடுத்து மறுபடி கவரில் சுற்றினாள். சுற்றத் தெரியாமல் சுற்றினாள்.

"கொத்திப் பாக்கணும்னா தாராளமாப் பாருங்கோ" என்றாள் மாமி, வாசல்வரை வந்து. "நாளைக்குப் பதிவு நின்னாலும் நிக்கட்டும். ஆனா நான் மறைச்சேன்னு எழுத மட்டும் விட்டுடாதே. முப்பத்தோரு வருஷம் இருந்த கட்டடம். அங்கே குழந்தைகளுக்குக்கூட என்னைத் தெரியும்."

*

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஷட்டரை இறக்கிவிடத் தோன்றாமல் சாரலில் நனைந்துகொண்டே வந்தாள்.

கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே சட்டையை ஒரு செக்கர் நல்லது என்பாள், இன்னொருத்தி ரிஜெக்ட் என்பாள். அப்போது சூப்பர்வைசர், யார் கண் நல்ல கண் என்று கேட்பதில்லை. ரெண்டு பேரும் பார்த்தது ஒரே பீஸா என்றுதான் முதலில் கேட்பார்.

போனை எடுத்துப் பூலோகத்தைக் கூப்பிட்டாள்.

"என்னளா, மாமி கால்ல விழுந்தாளா?"

"மாமா, நீங்க அந்த வீட்டுக்கு முதமுதல்ல என்னைக்குப் போனிய?"

"பால் காய்ச்சின அன்னைக்குத்தான். ஏன்?"

"அன்னைக்கு பீம்ல வெடிப்பு இருந்துச்சா?"

"இருந்தா என் கண்ணுக்குத் தப்புமா? வழவழன்னு இருந்துச்சு. இந்த முப்பது வருசத்துல..."

"சரி மாமா, வைக்கேன்."

வியாழக்கிழமை சாயங்காலம். அவளுக்கு இப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. "நாளைக்கு ஆளுவ வருவாங்க, நான் போயி ஒரு கூட்டு கூட்டிட்டு வாரேன்" என்று விளக்குமாறோடு போன இசக்கிப்பாண்டி, எட்டு மணிக்குப் புருவமெல்லாம் வெள்ளையாக வந்து நின்றான். "என்னங்க, வெள்ளையடிச்ச மாதிரி வந்திருக்கிய?" என்று அவள் சிரித்தாள். "ஒட்டடைளா" என்றான். ஒட்டடை எங்காவது வெள்ளையாக இருக்குமா? ஒரு நாளைக்குப் பார்க்கும் முந்நூறு சட்டையில் ஓர் இழை விட்டுப்போனாலும் பிடிக்கிறவள், அன்றைக்குச் சிரித்துக்கொண்டே வெந்நீர் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

*

தாராவி அறைக்குள் நடக்க இடமில்லாமல் அட்டைப்பெட்டிகள். சாதனா டியூஷன் போயிருந்தாள். கீழே பட்டறையில் தையல் மெஷின்கள் கடகடத்துக்கொண்டிருந்தன. கட்டி வைத்த படுக்கை மூட்டையின்மேல் இசக்கிப்பாண்டி லைட் போடாமல் உட்கார்ந்திருந்தான்.

மாரிசெல்வி சுவிட்சைப் போட்டாள். மணி ஆறரை. கவரைப் பிரித்துச் சில்லை அவன் மடியில் வைத்தாள்.

"மாமி என்ன சொன்னாங்க?" என்றான், அதைத் தொடாமல்.

"சரி மாமின்னு சொன்னீங்களாம்."

அவன் சில்லிலிருந்த சிவப்பு அம்பை நகத்தால் நெருடினான்.

"சின்ன மாமா அந்த அம்மாவைத் திருடின்னு சொல்லும்போது பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தானே இருந்திய? நான்தான்னு ஒரு வார்த்தை வாயில வரலையா?"

"வந்துச்சு. சித்தப்பா முகத்தைப் பாத்ததும் உள்ள போயிருச்சு." அவன் தரையைப் பார்த்துப் பேசினான். "நாப்பது பேரு வருவாங்க செல்வி. எல்லாவனும் அண்ணாந்து பாப்பான். நல்ல நாளும் அதுவுமா எவனாவது வாயைத் தொறந்து வெடிச்ச வீடுன்னுட்டா?"

"சொல்லிட்டுப் போறான். அவனா குடியிருக்கப் போறான்?"

"அவனுக்காகப் பயப்படல." நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது. "உனக்குத்தான் பயந்தேன். பதினோரு வீடு தள்ளியாச்சு. இந்த வீட்டு ஜன்னல்ல நின்னு நீ சிரிச்ச பாரு, பதினேழு வருசத்துல நான் பாக்காத சிரிப்பு. அந்த வெடிப்பைப் பாத்தா இதுலயும் ஸ்டிக்கர் ஒட்டிருவ. அப்புறம் எந்த வீட்டுக்கு நான் போவேன்? கடையில ஒரு பாக்கெட் பட்டி வாங்கிட்டுப் போயி, மேடையில ஏறி நின்னு, கையாலயே பூசிட்டேன். குடியேறின பிறகு சித்தப்பாவை வச்சுச் சரி பண்ணிக்கலாம்னு..."

மாரிசெல்வி எதிரே ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். கோபப்பட வேண்டும் என்று வந்தவளுக்குக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பதினோரு வீடுகளை அவள் தள்ளிய ஒவ்வொரு தடவையும் இந்த மனுஷன் சிரித்துக்கொண்டேதான் திரும்பி வந்தான். அந்தச் சிரிப்புக்கு அடியில் இது ஓடியிருக்கிறது.

போன் அதிர்ந்தது. பரீஹா.

"அக்கா, ரிப்போர்ட் ரெடி. 'விற்பவர் மறைத்திருக்கலாம்'னு ஒரு வரி இருக்கு. அனுப்பவா?"

"ஒரு அஞ்சு நிமிசம் இரும்மா. அந்த வரி தப்பு. நானே கூப்பிட்டுச் சொல்லுதேன்."

போனை வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"சரி, விடுங்க. தப்பை மாமிகிட்டயும் சின்ன மாமாகிட்டயும் நீங்களே சொல்லணும். அதுல மாத்தம் இல்ல. பரீஹா கொத்திப் பாக்கட்டும். மாமி போட்டோவை நான் பாத்தேன், நூல் மாதிரிதான் இருக்கு. சின்ன வெடிப்புன்னா சின்ன மாமா சொன்ன மாதிரியே ரெண்டு நாள் வேலைதான். பதிவை ஒரு வாரம் தள்ளி வச்சுக்கிடலாம். வீடு எங்கயும் போயிராது."

இசக்கிப்பாண்டி வலது கையைத் தூக்கினான். ஆள்காட்டி விரலை லைட் வெளிச்சத்தில் நீட்டி, அது யாருடைய விரலோ என்பது போலப் பார்த்தான்.

"என்னங்க?"

"அது நூல் மாதிரி இல்ல செல்வி" என்றான். "பட்டியைத் திணிக்கும்போது இந்த விரலு ரெண்டு கணு உள்ள போச்சு."